ஒண்ணு போய் ஒண்ணு வந்தா

…எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு, பதினேழு பேர், அப்புறம் ஏன் நோயாளிகளைக் கூப்பிடற திரையில அந்தம்மா பேர் வரல, காலையிலேர்ந்து கண் டாக்டர் ரூம் வாசல்லயே உட்கார்ந்திருக்காங்களாம், நர்ஸ் இப்பதான் போன்ல கத்துனா, டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிடுவாரு, உன் கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போடுன்னு. மணி பன்னெண்டே கால். பதறாத, யோசி. சும்மா சும்மா பேர்ப் பட்டியல் இருக்கற டேபிளைக் கேட்டா திரை நகராதுன்னு பழைய பதிலையே கேஷ்ல, அதான் தற்காலிக நினைவுல, வச்சுக் காட்டச் சொன்னது நான்தான், டேபிள் மாறினா மட்டும் புதுசாக் கேளுன்னு… மாறுச்சான்னு எப்படிப் பார்க்குது? பேரை எண்ணிப் பார்க்குது. அட கடவுளே! வராத ஒருத்தர் பேரை எடுத்துட்டு இந்தம்மாவைச் சேர்த்திருக்காங்க, ஒண்ணு போய் ஒண்ணு வந்தா அதே பதினேழுதானே, மக்கு, மக்கு.

இனி எண்ணவே வேணாம், டேபிள்ல யார் கை வச்சாலும், சேர்த்தாலும் அழிச்சாலும் திருத்தினாலும், தனியா ஒரு நம்பர் ஒவ்வொண்ணா ஏறட்டும், ஏறியிருந்தா பழைய பதிலைத் தூக்கிப் போடு, எட்டே வரிதான்… விரல் பாட்டுக்குத் தட்டுது, மனசு ஏன் வீட்டுக்கு ஓடுது? நாலு கப். அப்பா, அம்மா, அண்ணன், நான். போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாங்க, அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாங்க, இப்பவும் நாலு கப், தினம் நான்தான் டீ போடறேன், ஒரு கப்ல மட்டும் சர்க்கரை கிடையாது, அம்மாவுக்குச் சுகர்… அந்தக் கப்பு யாருக்குப் போகுது? ஐயோ. ஆறு மாசமா அண்ணிதான் அதைக் குடிக்கறாங்க, வாயைத் திறக்காம! காலையில பெட்டி கட்டும்போது, நான் இந்த வீட்டுக்கு வந்ததே யாருக்கும் தெரியல போலன்னு அண்ணி சிரிச்சாங்களே, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேனே, வெட்கங்கெட்டவ, எப்ப திரும்பி வருவீங்கன்னு கேட்டதுக்கு, பார்க்கலாம்னாங்க. அவங்க ஊருக்கு மூணு மணிக்குப் பஸ்.

வந்துடுச்சு! அந்தம்மா பேர் பதினோராவதா. நர்ஸ் போன்லயே, கூப்பிட்டாச்சு, பொழைச்சுப் போன்னா. பன்னெண்டு நாப்பது. அண்ணிக்கு மெசேஜ் தட்டிட்டேன், அண்ணி, உங்களுக்கு டீயில எத்தனை ஸ்பூன் சர்க்கரை? பார்த்துட்டாங்க… எழுதுறாங்க… நிறுத்திட்டாங்க… மறுபடி எழுதுறாங்க, எழுதுங்க அண்ணி, எழுதுங்க.

'இப்பவாவது கேட்டியேடி. எனக்கு டீயே பிடிக்காது. காபின்னா ரெண்டு.'

சிரிப்பு வருது, அழுகையும் வருது. எங்க வீட்டுல காபித்தூளே கிடையாது, ரெண்டு மணிக்குள்ள வாங்கிட்டுப் போய் நின்னா பெட்டியைக் கீழ வைப்பாங்களா… வேற என்னவெல்லாம் நான் கேக்காமலே விட்டிருக்கேன்?