பொன்னாடைக்குப் பதில் புத்தகம்

முகம்மது சலீம் அந்த நாவலைத் தடிமன் பார்த்துத்தான் வாங்கினான். சவூதியில் வேலை பார்க்கும் தம்மாமுக்குத் திரும்புவதற்கு முன்னால் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இருப்பதிலேயே குண்டானதைக் கையில் தூக்கி எடை பார்த்தான். இனி பதிப்பில் வராது, இதுதான் கடைசிப் பிரதி என்று கடைக்காரர் சொன்னதும் பெருமையாக இருந்தது. "அடுத்த லீவுக்கு நான் வாரது வரைக்கும் தாங்கும்லா" என்று மனைவி ஹஸீபாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

கல்யாணத்துக்கு முன்னால் நூலக அலமாரியை அடுக்கடுக்காகக் காலி செய்தவள் அவள். அஃப்ரின் பிறந்த பிறகு எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் கண்டதில்லை. அஹ்சனும் வந்த பிறகு நடுப்பக்கமே தூரதேசமாகிப் போனது. இதையாவது முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பழைய ஹஸீபா இனி வரவே மாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

பால் பொங்குவதற்குள் அரைப் பக்கம் படிப்பாள். பிள்ளைகள் மில் தொழிலாளிகளைப் போல ஷிப்டு போட்டுத் தூங்கின. ஒன்று கண்ணை மூடினால் மற்றது முழிக்கும். கதாநாயகி ஆற்றைக் கடக்கவே ஒரு நோன்பு மாதம் ஆனது. மந்திரியின் மரணத்தில் பாதியை அஹ்சன் தின்றுவிட்டதால், அவர் எப்படிச் செத்தார் என்பதை அவளே யோசித்து முடிவு செய்துகொண்டாள். அட்டையிலும் ஒரு மூலையைக் கடித்திருந்தான்.

இந்த நேரத்தில்தான் அவள் ஒரு வாசிப்பு வட்டத்தின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். தலைவர் வல்லிநாயகம், கல்வி அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு முன்னால் 'வாசிப்புச் செம்மல்' என்று போட்டுக்கொள்வார். பட்டம் கொடுத்தது யார் என்று கேட்டால் அடக்கமாகச் சிரிப்பார். ஹஸீபா தன் நாவலைப் படம் பிடித்துப் போட்டதும், வட்டம் முழுவதும் இந்த வருஷம் இதையே வாசிக்கும் என்று அறிவித்தார். ஒரு வாரத்தில் அட்டைப் படத்தோடு 'முடித்தேன், உறைந்தேன்' என்று ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் இசக்கிச்செல்வி கடைசிப் பக்கத்தில் அழுதேவிட்டாளாம். எல்லார் படத்திலும் அட்டையின் அதே மூலை கடிபட்டிருந்தது. அவர்கள் வீட்டிலும் சின்னப்பிள்ளை இருக்கும்போல என்று ஹஸீபா நினைத்துக்கொண்டாள். தான் மட்டும் பின்தங்கிப் போனதில் வெட்கம் வேறு.

சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் ஆண்டு விழா. பிள்ளைகளோடு படிக்கிற தாய் என்று ஹஸீபாவுக்கு 'வாசிப்புத் திலகம்' பட்டம். பிள்ளைகளையும் புத்தகத்தையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வல்லிநாயகம், போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம். அவளுக்கு ஒரே ஒரு அத்தியாயம்தான் மிச்சம். பேச்சாளர்கள் பேசுகிற நீளத்துக்கு அதை அங்கேயே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் போனாள்.

கணக்கு பலிக்கிறாற்போலத்தான் இருந்தது. வரவேற்புரையில் கதாநாயகி ஊர் திரும்பிவிட்டாள். வாழ்த்துரையில் பழைய வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ தாழ்ப்பாளை எடுக்கிற சத்தம். ஹஸீபா பக்கத்தைத் திருப்பப் போகும்போது வல்லிநாயகம் குனிந்தபடியே வந்து நின்றார்.

"தங்கச்சி, அதை இங்கன கொடுங்க."

ஹால் வாடகை கொடுத்தவர் ஆலங்குளத்துப் பெட்ரோல் பங்க் முதலாளி கைலாசம். அவர்தான் சிறப்பு விருந்தினர். 'பொன்னாடைக்குப் பதில் புத்தகம்' என்று பேனரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். புத்தகம் வாங்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"சார், இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

"வேற வாங்கித் தாரேம்மா. பேனர்ல போட்டாச்சுல்லா."

ஜிகினாத்தாள் சுற்றிய நாவல் மேடையேறியது. கைலாசம் அதை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கனம் தாங்காமல் டிரைவரிடம் தள்ளினார். அப்புறம் ஹஸீபாவைக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் போன வருஷம் மிஞ்சிய பொன்னாடை. அஹ்சன் வீரிட்டு அழுதான். தாய்மையின் இசை என்றார் வல்லிநாயகம். கை தட்டினார்கள். அவள் இறங்கி வாசலுக்கு ஓடியபோது கைலாசத்தின் கார் போய்விட்டிருந்தது.

"கதவைத் திறக்கது யாரு சார்? அதை மட்டும் சொல்லுங்க" என்று திரும்பி வந்து கேட்டாள்.

"எந்தக் கதவு?" என்றார் வல்லிநாயகம். உடனே தொண்டையைச் செருமி, அதையெல்லாம் வாசகரின் தேடலுக்கு விட்டுவிட வேண்டும் என்றார்.

இசக்கிச்செல்வி அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "அவரப் போயி கேக்கியே. குரூப்புல நீ போட்ட அட்டைப் படத்தைத்தானேட்டி நாங்க எல்லாரும் போட்டோம்."

ஹஸீபா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஏறினாள். சீசன் கூட்டத்தில் பஸ் இலஞ்சி விலக்கைத் தாண்ட முடியாமல் நின்றது. சலீமிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. கம்பெனியில் ஆள் இல்லையாம், லீவு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிட்டாம். "புத்தகத்த மெதுவாவே படி, என்ன. அவசரமில்ல."

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. பொன்னாடையைப் பிள்ளைகள் மேல் போர்த்தினாள். பஸ் நகர்கிற வழியாக இல்லை. சற்றுக் கழித்துக் குனிந்து பார்த்தாள். அஃப்ரின் தூங்கியிருந்தாள். அஹ்சனும் தூங்கியிருந்தான். ரெண்டும் ஒரே நேரத்தில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. அவளுடைய ஒரு கை சும்மா இருந்தது.

படிக்க என்று இருந்தது பஸ் டிக்கெட் மட்டும்தான். அதிலும் பாதியை அஹ்சன் தின்றிருந்தான்.