ஏழாம் எண் மூடி

தன் சிறுநீரில் கஞ்சா இருக்கும் என்று ராஜ்கமலுக்குத் தெரியும். நான்கு நாட்களுக்கு முன்புதான் பிச்சாவரம் சாலையோரத் தோப்பில் உட்கார்ந்து இழுத்திருந்தான். அதனால், அந்தத் திங்கட்கிழமை காலை சிதம்பரத்தில் உள்ள அவர்கள் கல்லூரியின் விளையாட்டு அறை முன்னால் கபடி அணியை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தபோது தப்பிக்க வழி உண்டா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

போன வாரம் விடுதியில் ஒருவனின் அலமாரியில் பொட்டலம் சிக்கியிருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த எல்லோரையும் சோதிக்கச் சொல்லி கல்லூரி முதல்வர் உத்தரவு போட்டிருந்தார். முதலில் கபடி.

"மச்சான், மூஞ்சி ஏண்டா இப்பிடி இருக்குது?" என்று பின்னால் நின்ற அன்புமணி கேட்டான். கேட்டுவிட்டு அவனே புரிந்துகொண்டான். "மறுபடியும் போனியா? நா எத்தன தடவ சொன்னேன்!"

ஆறு மாதத்துக்கு முன்பு ராஜ்கமலின் கணுக்காலில் தசைநார் கிழிந்தது. ஓய்வெடுக்க நாள் கிடைக்கவில்லை. பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு ஆடினான். "ரெண்டு இழு இழு, வலி தெரியாது" என்று இளவரசு என்கிற பழைய மாணவன்தான் பழக்கினான். வலி தெரியாமல்தான் இருந்தது. பிறகு வலி இல்லாத நாட்களிலும் போகத் தொடங்கினான். அப்பா கம்மாபுரத்திலிருந்து சுரங்கத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர். மகன் கபடியில் வேலை வாங்கிவிடுவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அன்புமணி பீடியைக்கூடத் தொட்டதில்லை. கடலூர் முதுநகர்க்காரன், இறுதியாண்டு. அப்பா இல்லை. அம்மா அமராவதி மீன் விற்றுத்தான் அவனைப் படிக்க வைத்தாள். இந்த வருட மண்டலப் போட்டிச் சான்றிதழ் கைக்கு வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம் என்று காத்திருந்தான்.

டப்பாக்களின் மூடியில் மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருந்தது. ராஜ்கமலுக்கு நான்கு, அன்புமணிக்கு ஏழு. பன்னிரண்டு டப்பாவும் உடற்கல்வி இயக்குநர் ஞானசேகரனின் மேசைக்குப் போயின. பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த ஆள், "ரெண்டு கோடு வந்தா சுத்தம். ஒரே கோடு வந்தா மாட்டிக்கினான்னு அர்த்தம்" என்று விளக்கினார். பிறகு டீ குடிக்கப் போனார்.

பதினொரு மணிக்கு முடிவு வந்தது. ஞானசேகரன் தாளைப் பார்த்தே படித்தார்.

"ஏழாம் நம்பர். அன்புமணி."

அன்புமணி சிரித்துவிட்டான். ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தான். யாரும் சிரிக்கவில்லை என்றதும் முகம் மாறியது.

"சார், நானா? சார், இன்னொரு தபா எடுங்க சார். இப்பவே தரேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. ஆபீசுக்கு வா."

நான்காம் எண்ணை அவர் படிக்கவே இல்லை. ராஜ்கமலுக்கு முதலில் வந்தது நிம்மதி. பிறகுதான், பக்கத்தில் நின்றவனின் வெளுத்த முகத்தைப் பார்த்தபோது, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று உறைத்தது. வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் அமராவதி வந்தாள். வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்திருந்தாள். முதல்வர் அறையிலிருந்து வெளியே வரும்போது அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. மகனை ஒரு வருடம் நீக்கியிருந்தார்கள். விடுதியை அன்றே காலி செய்ய வேண்டும்.

"ஒன் தலமேல சத்தியமா நா தொடலம்மா" என்றான் அன்புமணி.

"சோதன பண்ணிப் பாத்தது பொய் சொல்லுமாடா? படிச்சவங்க பொய் சொல்லுவாங்களா?"

காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவனை அடித்தாள். முகத்தில், தோளில், மறுபடி முகத்தில். வகுப்பு விட்டு வந்த பையன்களும் பெண்களும் நின்று பார்த்தார்கள். அன்புமணி கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. ராஜ்கமல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். அடித்து ஓய்ந்த பிறகு அமராவதி மகனின் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.

ராஜ்கமல் நேராக ஞானசேகரனின் அறைக்குப் போனான். அவர் ஜெர்ஸிகளை எண் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அது என்னோடது."

"எது?"

"கஞ்சா அடிச்சது நான்தான் சார். அன்புமணி இல்ல."

"தெரியும்" என்றார் ஞானசேகரன்.

கையில் இருந்த ஜெர்ஸியை மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "ரெண்டு மாசமா ஒம் மேல வாசன அடிக்கிது. எனக்கு மூக்கு இல்லியா? நம்பரு மூடியிலதான் இருந்துச்சி, டப்பாவுல இல்ல. அந்த ஆளு டீ குடிக்கப் போனப்ப ஒன் மூடியையும் அவன் மூடியையும் மாத்திட்டேன்."

"சார்!"

"கத்தாத. கார்னருல அன்புமணி எடத்துல நிக்க எனக்கு மூணு பேரு இருக்காங்க. ரைடு போக ஒன்ன உட்டா யாரு இருக்கா? இந்த வருசமும் கப்பு வரலன்னா என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடா. பன்னெண்டு வருசமா கான்ட்ராக்ட்டு. என் பொண்ணு பிளஸ் டூ படிக்கிது." அவர் குரல் ஒரு நொடி இறங்கி, மறுபடி ஏறியது. "இப்ப போயி சொன்னா ஒன்னயும் நீக்குவாங்க. ஒங்கப்பா தாங்குவாரா? மொதல்ல மேட்ச்ச ஆடு. அப்பறம் பாக்கலாம்."

'அப்புறம்' என்ற அந்தச் சொல்லை ராஜ்கமல் பிடித்துக்கொண்டான். முதலில் ஆடலாம், பிறகு சொல்லலாம், சொல்லாமல் விடப்போவதில்லையே என்று ஒவ்வொரு நாளும் தனக்குள் சொல்லிக்கொண்டான். இளவரசு போன் பண்ணினால் எடுக்கவில்லை. பயத்தில் கஞ்சாவை அடியோடு நிறுத்திவிட்டான். கால் வலித்தது, வலியோடே பயிற்சிக்குப் போனான். அன்புமணிக்கு மூன்று முறை போன் செய்தான். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது.

மண்டலப் போட்டி இரண்டு வாரம் கழித்து நடந்தது. அவன் வாழ்க்கையில் அப்படி ஆடியதில்லை. இறுதிப் போட்டியில் ஒரே ரைடில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்தான். பையன்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தபோது ஞானசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இறங்க வேண்டும் போல இருந்தது. அவர்கள் இறக்கிவிடவில்லை.

சோதனை நடந்து இருபதாம் நாள் அவன் முதல்வர் புஷ்பவள்ளியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். மூடி மாற்றியதையும் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஞானசேகரனை வரவழைத்தார்.

ஞானசேகரன் கோபப்படவில்லை. "ஃப்ரெண்டுக்காகப் பழிய ஏத்துக்கறான் மேடம். ரெண்டு பேரும் ஒரே ரூமு. பாசம் ஜாஸ்தி" என்றார் வருத்தமான முகத்தோடு.

"நான் பொய் சொல்லல மேடம். வேணும்னா என்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

புஷ்பவள்ளி நேர்மையானவர். அன்று மதியமே வேறொரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆளை வரவழைத்துத் தன் கண் முன்னாலேயே சோதிக்கச் சொன்னார். ராஜ்கமல் அந்தச் சின்னப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோடு சிவப்பாக எழுந்தது. அதோடு நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அடுத்த நிமிடம் அதன் கீழே இரண்டாவது கோடும் மெல்லத் தெளிந்து வந்தது.

இருபது நாளில் உடம்பு அவனைக் கழுவி விட்டிருந்தது.

"நீ சுத்தமா இருக்க. ஒரு நல்ல ஆசிரியர் மேல இப்பிடி அபாண்டம் சொன்னதுக்கே ஒன்ன நான் சஸ்பெண்ட் பண்ணலாம். கப்பு ஜெயிச்சிக் குடுத்த பையனாச்சேன்னு விடறேன். போ" என்றார் புஷ்பவள்ளி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடலூருக்குப் பஸ் ஏறினான். முதுநகரில் மீன் இறங்கும் இடத்துக்கருகே அன்புமணி ஐஸ் கட்டிகளை உளியால் உடைத்துப் பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தான். மூன்று வாரத்தில் இளைத்திருந்தான். அமராவதி பத்தடி தள்ளிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மகனும் தாயும் பேசிக்கொள்வதில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவள் பெட்டி வேண்டுமென்றால்கூட வேறு ஆளிடம்தான் கேட்டாள்.

ராஜ்கமல் இரண்டு பேருக்கும் கேட்கும்படி நின்றுகொண்டு சொன்னான். தான் இழுத்ததை, மூடியை, மேட்ச்சை, முதல்வர் அறையை.

"எத்தினி நாளு கழிச்சி சொன்ன?" என்றான் அன்புமணி, உளியைக் கீழே வைக்காமல்.

"இருவது."

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒனக்கு ஒரு கோடு வந்திருக்கும்."

"ஆமா மச்சான்."

"மேட்ச் முடியட்டும்னு இருந்த."

ராஜ்கமல் தலையை அசைத்தான். பொய் சொல்ல அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

அமராவதி எழுந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவனை உற்றுப் பார்த்தாள்.

"எம் புள்ளய நா செருப்பால அடிச்சப்ப, நீ அங்கதான நின்ன?"

"நின்னேம்மா."

"பாத்துக்கினுதான இருந்த?"

அவள் அதற்கு மேல் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மகனுக்கு முன்னால் போய் நின்றாள். அவனுடைய கன்னத்தைத் தொடப் போன கை பாதியில் நின்றது.

"எங்கிட்ட எத்தினி தபா சொன்ன... நா நம்பலியேடா."

"வுடும்மா. ஐஸு கரையுது."

அவன் குனிந்து பெட்டியைத் தூக்கப் போனான். கனமான பெட்டி. ராஜ்கமல் ஓடிப் போய் மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தான்.

"கைய எடு" என்றான் அன்புமணி. சத்தம் போடவில்லை.

ராஜ்கமல் கையை எடுத்தான். அமராவதி வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். தாயும் மகனுமாகப் பெட்டியைச் சுமந்து லாரியை நோக்கிப் போனார்கள்.