உயிருள்ள மருந்து

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் முழுதாக உதிர்வதற்குள் கன்னையா செத்துப்போனான். திருப்பதியிலிருந்து திரும்பிய பஸ்ஸிலேயே அவனுக்கு வயிறு போக ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் மூத்தவனைக் காலரா கொண்டுபோனபோது, இவனாவது தங்கட்டும் என்று வேண்டிக்கொண்ட மொட்டை அது.

சுகாதார இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா குடிசைக்குள் குனிந்து நுழைந்தபோது அவன் தாய் செல்லியம்மா அழவில்லை. பையனைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் ரங்கையா குழி வெட்ட ஆள் தேடிப் போயிருந்தான்.

முந்தின நாள் காலையில் கிருஷ்ணப்பாதான் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை அவளிடம் கொடுத்திருந்தார். மதராஸிலிருந்து வந்த கடைசிப் பெட்டி. மதராஸ் ராஜ்யம் பிரிந்தபின் சித்தூர் ஆபீஸ் மருந்து கேட்டுப் புதுத் தலைநகரான கர்னூலுக்கு எழுதியது. மதராஸைக் கேள் என்றது கர்னூல். குடிபாலாவில் காலரா யாருக்கும் காத்திருக்கவில்லை.

"இன்னா சாமி, தண்ணியாட்டம் கீது?" என்று அப்போது கேட்டாள்.

"தண்ணி இல்ல. கண்ணுக்குத் தெரியாத உசிரு இதுல இருக்குது. உள்ள போயி காலராப் பூச்சியத் துன்னுடும். ஆறின தண்ணியில ஊத்திக் குடு."

"பூச்சியத் துன்ற பூச்சியா?" என்றான் ரங்கையா. "அப்பால அத எது துன்னும் சாமி?"

கிருஷ்ணப்பா சிரித்தார். விளக்காமல் எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். செல்லியம்மா மட்டும் சிரிக்காமல் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இப்போது நினைவுக்கு வந்தது.

அடுப்பில் தணல் இருந்தது. அதன்மேல் ஒரு சின்னச் சொம்பு. கீழே, உடைத்த குப்பிகளின் கழுத்துகள்.

"ரெண்டையும் ஊத்தி, தளதளன்னு கொதிக்க வச்சித்தான் சாமி குடுத்தேன்" என்றாள். "தண்ணியில உசிரு கீது, அதான் உன் புள்ளையக் கொண்டுபோச்சின்னு போன வருசம் நீங்கதானே சொன்னீங்க. கொதிக்காத எதையும் இவன் வாயில வெக்கல. சரியாத்தானே செஞ்சேன்?"

அவர் குனிந்து ஒரு குப்பிக் கழுத்தை எடுத்துப் பார்த்தார். கொதித்ததும் மருந்து செத்திருக்கும். சாகாமல் உள்ளே போயிருந்தால் பையன் பிழைத்திருப்பானா? அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஒளிந்துகொள்ள அந்தத் தெரியாமை போதும் என்று தோன்றியது.

"சரியாத்தான் செஞ்ச" என்றார்.

அவள் தலையாட்டினாள். வாசலில் நிழல் விழுந்தது. அடுத்த குடிசை செங்கம்மா. தோளில் துவண்டு கிடந்த மகள், கையில் வரும் வழியில் அவர் கொடுத்த குப்பி.

"அப்ப நானும் கொதிக்க வச்சிட்றேன் சாமி. கேட்டுக்கினு செய்யலாம்னுதான் வந்தேன்."

அவளை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று அவர் எழுந்தார். அதற்குள் செல்லியம்மா குப்பியை வாங்கிக்கொண்டாள்.

"நீ புள்ளையப் பாருடி. தணலு கீது, நான் வச்சித் தரேன்."

சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். குப்பியின் கழுத்தில் விரலை வைத்தாள்.

"கொதிக்க வெக்காத, செல்லியம்மா" என்றார் கிருஷ்ணப்பா. "கொதிச்சா அது செத்துப்போயிடும்."

அவள் விரல் நின்றது. அவரைப் பார்க்கவில்லை. சொம்பைப் பார்த்தாள், பிறகு பையனை. வெளியே யாரோ தெலுங்கில் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

குப்பியைச் செங்கம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"ஆறின தண்ணியில ஊத்துடி" என்றாள்.

பிறகு சொம்பிலிருந்த தண்ணீரைத் தணலில் கொட்டினாள்.