இறக்கிப் பாடிய இடம்

மோகனூர் சௌந்திரம் மாரியம்மனை அழைத்துப் பாடினால், வெற்றிலை மென்றுகொண்டிருப்பவர்கூட வாயை நிறுத்திவிடுவார். பம்பை மேளத்துக்கு ஈடாகக் கத்தவும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பேர் வாங்கியது கத்தியதால் அல்ல. ஏழு அடியை உச்சத்தில் பாடிவிட்டு, எட்டாவது அடிக்கு வந்ததும் பம்பை, உடுக்கை எல்லாவற்றையும் கையமர்த்தி நிறுத்துவாள். "வந்துட்டியா, தாயி?" என்று பக்கத்தில் நிற்பவளிடம் கேட்பதுபோல் அவ்வளவு சன்னமாகக் கேட்பாள். கேட்டுவிட்டு மூன்று மூச்சு சும்மா இருப்பாள். அப்புறம் எடுப்பாள் பாருங்கள் ஒரு குரல்! பம்பை வெடிக்கும், இரண்டு மூன்று பேருக்காவது சாமி வந்துவிடும். பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் ஊரையே அடக்கி வைப்பது தன் தொண்டைதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாததுபோல் நடிக்கிற வழக்கமும் அவளுக்குக் கிடையாது.

எண்பத்தாறாம் வருஷம் நாமக்கல் அப்புசாமி அந்தப் பாட்டைக் கேசட்டாகப் போட முன்வந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன். பங்குனி மாரியம்மன் நோம்பிக்குள் ஐந்நூறு கேசட். அட்டையில் 'மோகனூர் சௌந்திரம்' என்று கொட்டை எழுத்தில் பேர். சௌந்திரம் பம்பைக்காரர்களோடு போய்ப் பாடிக்கொடுத்தாள். பத்து நாள் கழித்து, மாதிரி கேசட்டைக் கேட்கப் போனாள். கேட்டதும் முகம் சிறுத்துவிட்டது.

அப்புசாமி புதிதாக ஒரு பெட்டி வாங்கியிருந்தான். லிமிட்டர் என்று பேராம். ஏறின சத்தத்தை அமுக்கும், இறங்கின சத்தத்தைத் தூக்கிவிடும். மெஷினின் முள் எந்நேரமும் சிவப்பை ஒட்டியே நிற்கும். அந்தப் பெட்டிக்குள் புகுந்து வந்த பாட்டில், அவள் அம்மனிடம் கேட்ட கேள்வியும் அதன் பின் எடுத்த குரலும் ஒரே மட்டத்தில் இருந்தன. சும்மா இருந்த மூன்று மூச்சும் கொல்லன் துருத்தி மாதிரி புஸ் புஸ்ஸென்று கேட்டன. பம்பை வெடிக்க வேண்டிய இடத்தில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள். என்ன அநியாயம் இது!

"ஏந்தம்பி, இது ஆரு பாடினது?"

"என்னுங்கக்கா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானுங்க!"

"நா இறக்கிப் பாடின எடம் எங்க போச்சு?"

அப்புசாமி சிரித்தான். "கேசட்டு வாங்கறது பூராம் லாரிக்காரங்கக்கா. இஞ்சின் சத்தத்துல நீங்க குசுகுசுன்னு பேசினா அவங்களுக்கு எப்படிங்க கேக்கும்? பாட்டு நடுவுல நின்னுபோச்சும்பாங்க. இப்பெல்லாம் எந்தக் கடைல சத்தம் சாஸ்தியோ அங்கதானுங்க கூட்டம்."

சௌந்திரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சத்தந்தான் வேணுமுன்னா லாரி ஆரனப் பதிஞ்சு வித்துக்க. என்ற பேரு போடறதா இருந்தா நா பாடினாப்பலயே வரோணும். இல்லீனா பேர எடுத்துப்போடு!"

அவள் பேர் இல்லாமல் கேசட் போணியாகாது என்று அவனுக்குத் தெரியும். அச்சாகி வந்த அட்டைக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வாய் வீறாப்பாகப் பேசினாலும் சௌந்திரத்துக்கும் உள்ளூரப் பயம்தான். இவன் சொல்வதுபோல் நிஜமாகவே எட்டவில்லை என்றால்? கோயில் வாசலைத் தாண்டி உதவாத குரல் என்று ஆகிவிடாதா?

வாசலில் கரும்பு லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. மோகனூர் சர்க்கரை ஆலைக்குப் போகிற லோடு. கடைக்கு வாடிக்கையாக வரும் டிரைவர் செங்கோட்டையன் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல பதிஞ்சது, பெட்டில போட்டது ரெண்டையும் அவரு வண்டிலயே போட்டுப் பாத்துரலாம், வா" என்றாள் சௌந்திரம். "எனக்கும் ஊடு போய்ச் சேரோணும். அவரு காதுக்கு எட்டலீனா, உன்ற பெட்டில போட்டதையே வித்துக்க. நா ஒண்ணுஞ் சொல்லல."

பெட்டியில் போடாமல் முதலில் பதிந்த கேசட்டையும் அப்புசாமி எடுத்துக்கொண்டான். மூவரும் ஏறினார்கள். பெட்டியில் போட்டதுதான் முதலில் ஓடியது. ஒரு மைல் போவதற்குள் செங்கோட்டையன் சத்தத்தைக் குறைத்தார். இன்னொரு மைலில் மறுபடியும் குறைத்தார். அப்புறம் பாட்டை மறந்து, கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காத கதையைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நல்லாக் கேக்குதுங்களா?" என்றான் அப்புசாமி.

"கேக்குது, கேக்குது. மண்டைக்குள்ளயே கேக்குது."

லத்துவாடி தாண்டியதும், பெட்டிக்குள் போகாத கேசட்டைப் போட்டார்கள். செங்கோட்டையன் தானாகவே கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. ஏழு அடி முடிந்தது. எட்டாவது அடியில் இஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றுமே இல்லை. பாடின சௌந்திரத்துக்கே கேட்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று முந்தானையை முறுக்கினாள்.

"நாஞ்சொன்னனில்லீங்களாக்கா—"

"அட, சித்தெ பேசாம இருங்க!" என்று அதட்டினார் செங்கோட்டையன். வண்டியை ஓரங்கட்டினார். இஞ்சினை அமர்த்தினார். கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்.

"வந்துட்டியா, தாயி?"

மூன்று மூச்சு நேரம் கரும்புத் தோகை சலசலப்பதுதான் கேட்டது. பிறகு அந்தக் குரல் எழுந்தது. பம்பை வெடித்தது. செங்கோட்டையன் கையில் மயிர்க்கூச்செறிந்ததைச் சௌந்திரம் கண்ணால் பார்த்தாள். ரோட்டோரக் காட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளும் கையுமாக ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோய்க் கண் கலங்கியது.

அப்புசாமிதான் முதலில் பதறினான். "ஏனுங்க, அமத்தினா உங்க வண்டி மறுபடி செல்ப் எடுக்காதுங்களே! டீக்கடைலகூட அமத்த மாட்டீங்களே!"

"எடுக்காட்டிப் போகுது. தள்ளிக்கலாம். அக்கா கேட்டது காதுல உளுகாம எப்படிப் போறது?"

அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். இறங்கப் போன சௌந்திரத்தை, "நீங்க உக்காருங்க தாயி" என்று தடுத்துவிட்டார்கள். லோடு வண்டி லேசில் நகருமா? வெள்ளைச் சட்டையெல்லாம் கரியாக, அப்புசாமி முக்கி முக்கித் தள்ளினான். இஞ்சின் பிடித்ததும் மூச்சிரைக்க ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அதே மாதிரியே போட்டுர்றனுங்க. அட்டைல பேரு இருக்கட்டுமுங்களா?"

"இருக்கட்டும்" என்றாள் சௌந்திரம். "இன்னுஞ் சித்தெ பெருசாவே போடு."