நாற்பது நிமிடப் பாதை நாலு நாளான விவரம்

மொந்தரோலாவிலிருந்து ரிவாசோலாவுக்கு இறங்கும் மலைப்பாதை நாற்பது நிமிட நீளம்தான் இருந்தது. எர்சிலியாவும் அவள் தங்கை டெல்ஃபினாவும் பேச்சை நிறுத்தியதும் அது வளரத் தொடங்கி, முப்பத்தோராம் வருடம் நாலு நாள் நீளத்தை எட்டியது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன. மேலே மொந்தரோலாவில் எர்சிலியா உலர்த்தும் கைக்குட்டை காற்றில் பறந்தால் கீழே ரிவாசோலாவின் மீன்வலைகள் மேல்தான் போய் விழும். கூப்பிட்டால் கேட்கும். ஆனால் கூப்பிடுவதற்கு ஒருத்தி முதலில் வாயைத் திறக்க வேண்டுமே. பாதை மட்டுமே நீண்டது. திராட்சைத் தோட்டத்துக் கற்சுவர்களுக்கிடையே புதிதாக ஒரு வளைவு விழும். எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் முந்தின நாள் இல்லாத பதினாறு படிகள், பாசி படர்ந்து, நூறு வருடம் பழசாக முளைத்து நிற்கும்.

எல்லாம் டெல்ஃபினாவின் கல்யாணத்தன்று ஆரம்பித்தது. பிப்ரவரி மாதம். கடல் நுரை படகுத்துறைக் கம்பிகளில் அப்படியே உறைந்து தொங்கியது. அதை ஒடித்துத்தான் அன்று ஒயினுக்குள் போட்டார்கள். மிலானிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்ததைச் சமையலறையிலிருந்து பார்த்த எர்சிலியாவுக்கு மனசு கேட்கவில்லை. கல்லுரலில் திருநீற்றுப்பச்சிலையையும் பூண்டையும் பைன் பருப்பையும் இடித்து, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, எண்ணெய் விட்டு வைத்திருந்த பச்சைத் துவையலை ஒரு வாணலியில் கொட்டி அடுப்பில் வைத்துச் சூடாக்கிவிட்டாள். அந்தக் கடற்கரையில் வீட்டுக்குத் தீ வைத்தவனைக்கூட ஊர் மன்னித்துவிடும். பெஸ்தோவை, அதாவது அந்தத் துவையலை, அடுப்பில் வைத்தவளை மன்னிக்காது. பச்சை நிறம் பட்டாளத்துச் சட்டை நிறமாக மாறியது. அதைவிடப் பெரிய அவமானம், மிலான்காரர்கள் அதை ருசித்து இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றது.

“சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே அக்கா,” என்றாள் கல்யாண உடுப்பிலிருந்த டெல்ஃபினா.

“பாவம்டி, நடுங்கிக்கிட்டு இருந்தாங்க.”

“நடுங்கினா நடுங்கட்டும்! யாரும் சாகல!”

அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாள் காலை கடிதம் கொண்டுவந்த தபால்காரர், பாதையில் மூன்று படி அதிகம் என்று சொல்லிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தாம் வருடம் பாதையைக் கடக்க ஒரு முழுப் பகல் பிடித்தது. அதற்குப் பிறகுதான் நடைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள்: முதுகில் மூட்டையும் கையில் கோலுமாக, விடுமுறையைக் காலாலேயே கழிக்க ஆசைப்படும் நகரத்து ஜனங்கள். கடலோரமாக இவ்வளவு நீண்ட பாதை வேறெங்கும் இல்லை என்று அவர்களுக்குள் பேச்சு. கீழே, கல்யாணமாகி ரிவாசோலாவிலேயே குடியேறி, பிறகு கணவனை இழந்து தனியாக இருந்த டெல்ஃபினா அவர்களுக்குக் கதவைத் திறந்தாள். உப்பில் ஊறிய நெத்திலியும் கொண்டைக்கடலை மாவு அடையும் போட்டாள். மேலே எர்சிலியா உள்ளங்கையில் உருட்டிய மாவுச் சுருளைத் துவையலில் புரட்டிப் போட்டாள். இரண்டு வீட்டிலும் ஒரே சட்டம்: இன்னொருத்தி பெயரை எடுத்தால் தட்டு கிடையாது. ஆனால் உள்ளே வருகிறவன் வாசலிலேயே நின்று வாயைத் திறந்து ஊத வேண்டும்.

“ஊது. இன்னும் நல்லா ஊது. ம்ம்... நெத்திலி நல்ல நெத்திலிதான், எண்ணெய்தான் போன வருஷத்துது,” என்று எர்சிலியா முகம் சுளிப்பாள். அன்றைக்கு அவள் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். தங்கை சமைக்கிறாள், அதனால் இருக்கிறாள். கீழேயும் அதே கதைதான். “இந்த வயசுல இவ்வளவு பூண்டா போடுவாங்க?” என்று ஒரு ஜெர்மன்காரரின் தாடையைப் பிடித்துக்கொண்டு டெல்ஃபினா கேட்டதாகவும், அவர் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்வார்கள்.

பாதை இரண்டு நாளானதும் வாசனை வழியிலேயே மங்கத் தொடங்கியது. எர்சிலியா பூண்டைக் கூட்டினாள். மூன்று நாளானபோது ஒரு தட்டுக்குப் பத்தொன்பது பல் போட்டாள். நடைக்காரர்கள் கடந்து போன இடங்களில் திராட்சைக்கு வரும் பூச்சி செத்தது. கடற்காக்கைகள் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. பாதையும் விடவில்லை. இரண்டாம் நாள் தொலைவில் பெர்கமோவைச் சேர்ந்த ஒரு ஜோடி களைத்து உட்கார்ந்து, அங்கேயே தேன்கூடு வைத்து, அங்கேயே பிள்ளையும் பெற்றுக்கொண்டது.

பாதை நாலு நாள் நீளத்தை எட்டிய அந்த அக்டோபரில், கீழிருந்து ஏறி வந்த பதினொரு பேரை எர்சிலியா வரிசையாக நிறுத்தி ஊதச் சொன்னாள். பாலும் காபியும் கடை பிஸ்கட்டும்தான் மணந்தன. கடைசியாக நின்ற டச்சு வாத்தியாரை மூன்று முறை ஊத வைத்துவிட்டு, முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

“கீழே அந்தப் பொம்பளை கதவைத் தொறந்தாளா?”

“இல்லைங்க. மூணு வாரமா சமையல் இல்லையாம். படுத்த படுக்கையாம்.”

எர்சிலியா அடுப்பை அணைத்தாள். பதினொரு கிலோ சலவைக்கல் உரலை ஒரு பையில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டாள். அவளுக்கு எழுபத்தொன்பது வயது. இடது முழங்கால் எந்தப் படியிலும் சத்தம் போடாமல் இறங்கியதில்லை.

“அத்தை, பைத்தியமா உனக்கு? ரெண்டரை மணிக்கு பஸ் இருக்கு,” என்றார் காபிக்கடை பாச்சிச்சா.

“பஸ்ல போறது பல் டாக்டர்கிட்ட போறதுக்குடா. சண்டை போட்டவ வீட்டுக்கு நடந்துதான் போகணும்.”

அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். பேருந்தில் போனால் போனதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் இரண்டு நாளும் அவள் நடந்த அளவுக்குப் பாதையும் வளர்ந்தது. காரணம், நடக்கும்போதே தங்கையிடம் என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள். ‘அம்மா செத்தப்பகூட நீ என் பக்கம் திரும்பல’ என்று நினைத்தாள், ஒரு வளைவு முளைத்தது. ‘என் நகையைப் போட்டுக்கிட்டுத்தானேடி கல்யாணம் பண்ணிக்கிட்டே’ என்று நினைத்தாள், நாற்பது படி. தேன்கூட்டு வீட்டைத் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. வழுக்கும் படியில் உரல் முதுகை இழுக்க, தவழ்ந்துதான் இறங்க முடிந்தது. தங்கை உயிரோடு இருப்பாளா என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கத் தெம்பில்லை. பாதை குறையவில்லை. ஆனால் அதற்கு மேல் வளரவும் இல்லை. எதிரே வந்த நடைக்காரர்கள் கொடுத்ததைத் தின்றாள், அவர்கள் கூடாரத்திலேயே சுருண்டு படுத்தாள்.

ஆறாம் நாள் மதியம் அவள் ரிவாசோலாவில் அந்தக் கதவைத் தள்ளினாள். டெல்ஃபினா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நனைந்த சப்பாத்துச் சத்தம் கேட்டு, நடைக்காரர் என்று நினைத்து, திரும்பாமலே சொன்னாள்.

“சமையல் கிடையாது. போங்க.”

“எந்திரிடி.”

டெல்ஃபினா மெதுவாகத் திரும்பினாள்.

“மூணு வாரமா வர்றவன் வாயில எல்லாம் ஒண்ணுமே மணக்கலக்கா. நீ செத்துட்டியோன்னு நெனச்சேன். யாருக்காக இனிமே சமைக்கறதுன்னு படுத்துட்டேன்.”

“பத்தொன்பது பல் போட்டேன்டி. தூரம் ஜாஸ்தி.”

“கிட்ட வா. ஊது.”

எர்சிலியா குனிந்து ஊதினாள். டெல்ஃபினாவின் முகம் சிவந்தது. மூன்று வாரம் காலை ஊன்றாதவள் போர்வையை உதறிவிட்டு எழுந்து நின்றாள்.

“டப்பா மீனா தின்ன? என் அக்காவா டப்பா மீன் தின்னா? வெக்கமா இல்ல உனக்கு?”

உரல் இறங்கியது. ஜன்னல் தொட்டியில் திருநீற்றுப்பச்சிலைச் செடி இருந்தது. டெல்ஃபினா இடித்தாள். எர்சிலியா நனைந்த துணியோடு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள், அவள் பல் தந்தியடித்தது. டெல்ஃபினா அக்காவின் நீல உதட்டைப் பார்த்தாள், துவையலைப் பார்த்தாள். பிறகு ஒரு வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தாள். சூடான பெஸ்தோவின் மணம் தெருவுக்கு வந்ததும் ரிவாசோலாவில் எல்லா ஜன்னலும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன, காற்றே இல்லாமல். தேவாலயத்திலிருந்த புனிதர் சிலைகள் மூன்று நாள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றன.

எர்சிலியா ஒரு வாய் வைத்தாள்.

“கேவலமா இருக்குடி.”

“அதைத்தானே முப்பத்தோரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்!”

இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு தட்டு தின்றார்கள்.

மறுநாள் விடிந்தபோது பாதை நாற்பது நிமிடமாக இருந்தது. நடுவழியில் கூடாரம் போட்டுத் தூங்கிய இருபத்தேழு பேர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர்களின் கால்களுக்கு நடுவே கண் விழித்தார்கள். பெர்கமோ ஜோடிக்கு, தேன்கூடும் பிள்ளையுமாக, காபிக்கடைக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். மிஞ்சிப்போன படிக்கற்கள் ஓர் ஓரமாகக் குவிந்து கிடந்தன. தோட்டத்தில் சுவர் சரிந்தவர்களெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள், இன்னும் தீரவில்லை.

அக்கா தங்கை இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அதனால் பாச்சிச்சா காபிக்கடைக் கரும்பலகையில், அன்றைய மீனுக்குக் கீழே, அன்றைய நடைநேரத்தையும் எழுதி வைக்கிறார். நேற்று ஐம்பத்திரண்டு நிமிடம் என்றிருந்தது.

“இன்னிக்கு என்னவாம்?” என்று கேட்டார் தபால்காரர்.

“நெத்திலிக்கு எலுமிச்சை பிழியறதா வேண்டாமான்னு.”

“அப்போ சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்,” என்று சொல்லிவிட்டு, கூடுதலாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு துண்டு ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.