எட்டாம் கட்டிலுக்கு வந்த ஐம்பத்தெட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்னை மிளகாய் மேடம் என்பார்கள். நான் அங்கே மருந்தாளர். டாக்டர் எழுதியதை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை என்று என் வீட்டுக்காரரே பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். அது இல்லை. தினமும் காலையில் கட்டில் கட்டிலாகப் போய், யாருக்கு எது எவ்வளவு ஏறுகிறது, ஏறியது உடம்பில் தங்குகிறதா வெளியேறுகிறதா, ஒரு மருந்து இன்னொன்றோடு மல்லுக்கு நிற்கிறதா என்று பார்ப்பேன். பன்னிரண்டு கட்டில், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து மருந்து. கோபம் வராமல் என்ன செய்யும்?

எட்டாம் கட்டிலில் ஒரு தையல்காரர். இதய வால்வில் கிருமி உட்கார்ந்துகொண்டது. அந்தக் கிருமி அடங்குகிற மருந்து ஒன்றே ஒன்றுதான் கைவசம் இருந்தது. மாற்றாகக் கொடுத்துப் பார்த்த மருந்து உடம்பெல்லாம் தடிக்க வைத்து, மூச்சையும் இறுக்கிவிட்டது. இந்த மருந்தோ கத்தி மேல் நடக்கிற சமாசாரம். அளவு பத்துக்குக் கீழே இறங்கினால் கிருமி சாகாது, இருபதைத் தாண்டினால் சிறுநீரகம் கெடும். அதனால் அடுத்த வேளை மருந்தை ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுத்து, உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம்.

நாலு நாளாகக் காய்ச்சல் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே நாற்காலியில் அவருடைய அக்கா இருந்தார். பெற்றவர்கள் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். என்னைக் கண்டதும் மருந்து கேட்கிறதா என்பார், கேட்கிறது என்பேன். நாள் பூராவும் ஊசியோடு பிழைப்பு நடத்துபவன் தனக்கு ஒரு ஊசி என்றால் ஊரைக் கூட்டிவிடுவான் என்று தம்பியைக் கிண்டல் செய்வார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பார்.

அன்று பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து அளவு வந்தது. ஐம்பத்தெட்டு.

பெரிய டாக்டர் எண்ணைப் பார்த்ததும் மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் ஒரு சொட்டு ஏறக் கூடாது, மறுபடி அளவு பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வால்வில் பாதி செத்துப் பாதி உயிரோடு இருக்கிற கிருமிக்கு இரண்டு நாள் விடுமுறை கொடுத்தால், மூன்றாம் நாள் அந்த அக்காவிடம் நாங்கள் என்ன சொல்வது?

கட்டிலுக்கு அடியில் தொங்கிய சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்தேன். நிறைந்திருந்தது, தெளிவாகவும் இருந்தது. சிறுநீரகப் பரிசோதனையும் நேற்றைப் போலவே நன்றாக இருந்தது. சிறுநீரகம் இப்படிச் சுத்தமாக வேலை செய்யும்போது மருந்து மட்டும் எங்கே போய்த் தேங்கும்? ஐம்பத்தெட்டு என்பது பொய். எங்கே பிறந்த பொய் என்றுதான் தெரியவில்லை.

காலையில் இரத்தம் எடுத்தது பெரிய சிஸ்டர். இருபது வருஷமாக அதே பிரிவில் இருக்கிறார். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். இடது கையில் குத்தித்தான் எடுத்தேன் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றி, நீலம் பாரித்துக் கிடந்தன. எல்லாம் பழைய காயம். புதிதாக ஒரு துளை இல்லை, ஒட்டிய பஞ்சு இல்லை. கழுத்தில் மருந்து ஏறுகிற குழாய் மட்டும் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குழாயின் உள்சுவரில் முந்தின வேளை மருந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாகவே இரத்தத்தை இழுத்தால் அளவு எகிறத்தான் செய்யும். இந்த மருந்துக்கு மட்டும் புதிதாகக் குத்தித்தான் எடுக்கவேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டியதே நான்தான்.

கத்தல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்திருப்பேன். அதற்குள் பெரிய சிஸ்டரே பேசினார்.

"குழாயிலேர்ந்துதான் எடுத்தேன், மேடம். அந்தக் கையைப் பாருங்க, குத்த இடமே இல்ல. காலைல உள்ள வந்த அவங்கக்கா, இன்னிக்கு ஒரு நாளாவது குத்தாம விடுங்கன்னு அழுதாங்க. எனக்கு மனசு வரல."

"இது பத்து மணிக்கே தெரிஞ்சிருந்தா மருந்தை நிறுத்தியிருக்கவே மாட்டாங்க. ஏன் சொல்லல?"

அவர் போர்வையை இழுத்து அந்தக் கைகளை மூடினார். "உங்களுக்குப் பயந்துதான்," என்றார்.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என்னைவிட ஏழு வயது மூத்தவர். சாவை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தவர். அவர் பயப்படுவது எனக்கா? என் கோபம்தான் இந்த இடத்தைக் காப்பாற்றுகிறது என்று இத்தனை காலம் மிதப்பில் இருந்திருக்கிறேன். அந்தக் கோபமே ஒரு மனிதரின் மருந்தை நிறுத்தி வைத்திருந்தது. வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"தப்பு பாதி என்னுது, சிஸ்டர். இப்ப கால்ல ஒரு இடம் பாருங்க. நான் பிடிச்சுக்கறேன்."

பாதத்தின் மேல் ஒரு சின்ன நரம்பு கிடைத்தது. நான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். பெரிய சிஸ்டர் ஒரே குத்தில் எடுத்துவிட்டார். தையல்காரர் கண்ணைத் திறந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, மெல்ல ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நினைவு தெளிவாகத்தான் இருந்தது.

இரத்தக் குப்பியை நானே எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. இதுவும் ஐம்பது என்று வந்தால் நான் சொன்னதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் ஆகிவிடும், அந்த மனிதருக்குப் போக்கிடமும் இருக்காது. ஒரு மணி நேரம் இயந்திரத்தின் முன்னால் நின்றேன்.

பதினாலு. இருக்கவேண்டிய இடத்தில் கச்சிதமாக இருந்தது. சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டேன்.

பெரிய டாக்டரிடம் இரண்டு தாளையும் காட்டினேன். நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், பெரிய சிஸ்டர் தானே முன்னால் வந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். எனக்குப் பயந்து மறைத்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டார், அதை நான் சொன்னேன். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மருந்தைப் போடுங்கள் என்றார். மூன்று மணி நேரம் தாமதமாக மருந்து ஏறியது.

வெளியே போய் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். தன் அழுகைதான் காரணமா என்று கேட்டார். இல்லை, மனசு இருக்கிற இடத்தில் இப்படியும் நடக்கும் என்றேன். இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஒன்பதாம் நாள் தையல்காரர் சாதாரண வார்டுக்குப் போனார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, கை அளவு தப்பு, தோளில் இழுக்கிறது என்று குறை சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, மருந்தறையில் இருந்தபோது போன் அடித்தது. பெரிய சிஸ்டர்.

"மேடம், மூணாம் கட்டில்ல சொட்டு வேகத்தைத் தப்பா வெச்சுட்டேன். பத்து நிமிஷம் ஓடிருச்சு. நிறுத்திட்டேன், ஆள் நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் வந்து பாருங்க."

குரலில் நடுக்கம் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தப்பை நான் தேடிப் பிடிக்கும் முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதோ வந்துட்டேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு, லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.