பொட்டு வைத்த டிவி

சத்யபிரியாவின் கணுக்கால் உடைந்திருக்காவிட்டால் அவளுடைய அண்ணன் இன்னும் நாலு வருஷம் நிம்மதியாக இருந்திருப்பான். ஐப்பசி மழையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்கூட்டி வழுக்கியது. ஸ்கேன் சென்டரில் ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுப்பவள், தன் எலும்பையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாவுக்கட்டோடு நாகல் நகர் வீட்டில் ஆறு வாரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை, விளையாடினாள்.

பொழுது போகட்டும் என்று கணவன் கதிரேசன் டிவியில் சொருகுகிற விரல் நீளக் குச்சி ஒன்றை வாங்கித் தந்தான். அதற்குள் ஆயிரக்கணக்கில் பழைய விளையாட்டுகள், கூடவே பேட்டரி போட்டு ஆடுகிற ஒயரில்லாத இரண்டு ஜாய்ஸ்டிக். புது விளையாட்டுக்கு அவனுடைய லேப்டாப் இருந்தது. காலையில் புதுசு, மத்தியானம் பழசு என்று முறை வைத்து ஆடினாள். புது விளையாட்டில் செத்தால், செத்த இடத்துக்கு நாலடி முன்னால் கொண்டுவந்து எழுப்பிவிடுகிறார்கள், தடுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கி மண்ணைத் தட்டிவிடுகிற மாதிரி. பழசுக்கு ஈவு இரக்கம் கிடையாது. ஏழாவது கட்டத்தில் குழிக்குள் விழுந்தாலும், போ, முதலிலிருந்து வா என்று பிடரியைப் பிடித்துத் தள்ளும். சத்யபிரியாவுக்குப் பழசுதான் பிடித்தது.

விவசாயம் பார்க்கிற புது விளையாட்டு ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இரண்டு கேரட் கொடுத்தால் அவன் தலைக்கு மேல் இதயம் மின்னி அன்பு பெருகியது. எந்த ஊரில் நடக்கிறது இது? நாகல் நகரில் ஒரு குண்டான் பிரியாணி கொடுத்தாலும், உப்பு கொஞ்சம் கம்மி என்ற சேதியோடுதான் பாத்திரம் திரும்பி வரும்.

அவளுக்கு உண்மையிலேயே ஆத்திரம் மூட்டியது வேறொன்று. தம்பியைக் கொன்றவனைத் தேடி ஒருத்தி பனிமலை பனிமலையாக ஏறி இறங்குகிற புது விளையாட்டு. முப்பது மணி நேரம் சத்யபிரியா அவளோடு அலைந்தாள். கடைசியில் அந்தப் பாவியைப் பிடித்துக் கழுத்தில் கத்தியையும் வைத்த பிறகு, அவள் அழுதாள், கத்தியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பனி பெய்தது, வயலின் வாசித்தார்கள்.

"இதுக்கா இம்புட்டு மலை ஏறுன, சிறுக்கி?" என்று சத்யபிரியா லேப்டாப்பை அடித்து மூடினாள். பழி வாங்குவதென்றால் வாங்க வேண்டும். பாதியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதற்கு வீட்டிலேயே கிடந்திருக்கலாம்.

அவள் அப்படிக் கொதித்ததற்குக் காரணம் உண்டு. அவளுக்கும் ஒருவன் இருந்தான், அண்ணன் முத்துக்கிருஷ்ணன்.

அவளுக்குப் பதினொன்று, அவனுக்குப் பதினாலு வயதில் வீட்டுக்கு ஒரு டிவி கேம் வந்தது. கேசட்டைச் சொருகினால் இரண்டு பேர் மல்லுக்கட்டுகிற சண்டை. சிவப்பு உடுப்புக்காரன் அவன், நீல உடுப்புக்காரன் அவள். கோடை விடுமுறை முழுக்க ஆடினார்கள். நிறையத் தோற்றாள், அவ்வப்போது ஜெயிக்கவும் செய்தாள். ஜெயித்ததையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்தாள். அறுபத்து மூன்று கோடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு நடுவில் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பியவள், தன் நீல உடுப்புக்காரன் தன்பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஷோகேஸுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், அவளுடைய ஜாய்ஸ்டிக் ஒயரின் முனை எதிலும் சொருகாமல் ஒட்டடைக்குள் கிடந்தது. இத்தனை நாளும் அண்ணனோடு சண்டை போட்டது மிஷின். அறுபத்து மூன்று கோடும் மிஷினுடையது.

அவள் அழுதாள், வீடே சிரித்தது. அதோடு போயிருந்தால் மறந்திருப்பாள். முத்துக்கிருஷ்ணன் விடவில்லை. அவளுடைய சடங்கில் சொன்னான், கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னான், அப்பாவின் பதினாறாம் நாள் பந்தியில்கூடச் சொன்னான். "ஒயரே இல்லாம ஒரு வருசம் ஆடுனா எந்தங்கச்சி!" சொல்லச் சொல்ல ஒரு கோடை ஒரு வருஷமாகிவிட்டது. கேட்டவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டினாள். காட்டாவிட்டால், இதுக்குப் போயா கோவிச்சுக்கிறது என்பார்கள்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு அரையாண்டு லீவு வந்தது. மகள் இசைவாணி கோயம்புத்தூரில் இருக்கும் மாமன் வீட்டுக்குப் போனாள். நாலாம் நாள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ விழுந்தது. மாமனுடைய பெரிய டிவியில் ஃபுட்பால் விளையாட்டு. சோபாவில் ஏழு வயது இசைவாணி, நாக்கைத் துருத்திக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறாள். அதில் விளக்கு எரியவில்லை, டிவியோடு அதைச் சேர்க்கவே இல்லை. மாமன் பின்னாலிருந்து சிரிப்பது கேட்கிறது. கீழே எழுதியிருந்தான்: "தாயைப் போல பிள்ளை." நாற்பது பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சியைப் போட்டிருந்தார்கள். அவளுடைய மாமியாரும் போட்டிருந்தார்.

சத்யபிரியா அந்த வீடியோவை மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். தனக்குச் செய்ததை இருபத்தைந்து வருஷமாக முழுங்கிவிட்டாள், மகளுக்குச் செய்ததை முழுங்க முடியவில்லை. தை மாதம் இசைவாணிக்குக் காதுகுத்து. ஆத்தூர் அணைக்குப் போகும் வழியில் குலதெய்வக் கோயிலில், மொத்தச் சனத்துக்கும் நடுவில், இவன் தாய்மாமனாக மாலை போட்டு உட்கார்ந்து, அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே இந்தக் கதையை இரண்டு தலைமுறைக்கும் சேர்த்துச் சொல்லப் போகிறான். அந்தப் பிள்ளையும் இனி ஊர் சிரிக்கும்போதெல்லாம் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டப் பழகிக்கொள்ளும். அதை மட்டும் நடக்க விடக்கூடாது. கதிரேசனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன், "நான் என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டான். கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் முழு சந்தோஷம் வந்தது அவளுக்கு.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் முத்துக்கிருஷ்ணன் சீர்வரிசையோடு வந்து இறங்கினான். தட்டுத் தட்டாகப் பழம், வெற்றிலை, பட்டுப்பாவாடை. கூடத்தில் அம்மா ஒச்சாயி, மாமியார், சித்திமார், பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லை. காபி குடித்து நிமிர்ந்தவன் கண்ணில் டிவி பட்டது. திரையின் மேல் மூலை இரண்டிலும் மூலைக்கொரு ஸ்டிக்கர் பொட்டு.

"ஏ புள்ள, டிவிக்கு எதுக்குப் பொட்டு?"

"நாளைக்கு விசேசம்லண்ணே. பீரோ, கிரைண்டர், ஸ்கூட்டி, எல்லாத்துக்கும் வச்சாச்சு."

அப்படித்தான் வைத்திருந்தாள், மிக்ஸி மூடியைக்கூட விடவில்லை. "அதுவும் சரிதான்" என்று அவன் தலையாட்டினான். நல்ல நாளில் பொட்டு வைத்திருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

"ஒரு ஆட்டம் போடுவமாண்ணே? நம்ம பழைய சண்டை கெடைச்சுருக்கு."

"நீயா? ஒயர் இருக்கா?" என்றான் அவன். கூடம் குலுங்கியது.

"இதுல ஒயரே கெடையாதுண்ணே. காலம் மாறிப்போச்சு" என்று சிரித்தபடி ஒரு ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் கொடுத்தாள். "செவப்பு ஒனக்கு, நீலம் எனக்கு. பழைய மாதிரியே."

கதிரேசன் ரிமோட்டில் டிவியைப் போட்டதும் சண்டை தொடங்கியது. முத்துக்கிருஷ்ணனின் கட்டைவிரல்கள் பறந்தன. அடிக்கொரு விளக்கம் வேறு. "இப்பக் குனியிறேன் பாரு... இந்தா, தாவி ஒரு மிதி!" முதல் ஆட்டத்தில் சிவப்பு ஜெயித்தது. அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். இரண்டாவதில் நீலம் ஜெயித்தது. "சைனாச் சாமான். அமுக்குனா லேசா இழுக்குது" என்றான்.

மூன்றாவது ஆட்டம் பாதியில் இருக்கும்போது சத்யபிரியா ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தாள். முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறுநாள் குழம்புக்குப் பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். திரையில் நீல உடுப்புக்காரன் சளைக்காமல் உதைத்துக்கொண்டிருந்தான். முதலில் கவனித்தது அம்மா. கையிலிருந்த வெற்றிலை வாய்க்குப் போகாமல் நின்றது. பிறகு சித்தி, பிறகு மாமியார். ஒருவர் முழங்கையால் அடுத்தவரை இடிக்க, கூடம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது. முத்துக்கிருஷ்ணன் மட்டும் மும்முரமாக இருந்தான்.

"பாத்தியா! எந்திரிக்கவே விடல நானு!"

"மாமா, அம்மா பூண்டு உரிக்கிறாங்க" என்றாள் இசைவாணி.

"உரிக்கட்டும்த்தா. தோக்கப்போறவுக வேற என்ன செய்வாக?"

"மாமா, உங்கதுல லைட்டே எரியல."

கட்டைவிரல்கள் நின்றன. சிவப்பு உடுப்புக்காரன் நிற்கவில்லை. எகிறி ஒரு உதை விட்டு, நீலத்தைச் சாய்த்து, இரண்டு கையையும் தூக்கி ஆடினான்.

சத்யபிரியா எழுந்து, இன்னும் சரியாக ஊன்றாத காலோடு மெல்ல நடந்து போய், டிவியிலிருந்த பொட்டுகளைப் பிய்த்தாள். இரண்டுக்கும் அடியில் இங்கிலீஷில் ஒரே வார்த்தை: கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர். மிஷினும் மிஷினும் மோதுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அந்த விளையாட்டிலேயே வழி இருக்கிறது. ஜாய்ஸ்டிக்குகளின் முதுகைத் திறந்து காட்டினாள், காலி. முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு பேட்டரிகளையும் எடுத்து, அவன் கொண்டுவந்த சீர்த்தட்டில், வாழைப்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவில் வைத்தாள்.

வீடு வெடித்துச் சிரித்தது. மாமியார் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்துக்குள் இசைவாணி அம்மாவின் சேலையை இழுத்தாள்.

"அம்மா, அப்ப கோயம்புத்தூர்லயும் நான் ஆடவே இல்லையா? ரெண்டு கோல் போட்டேனே, அது நான் இல்லையா?"

சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அதுவரை தெரியாது. மாமன் தரையைப் பார்த்தான்.

"இல்லத்தா" என்றாள் சத்யபிரியா.

முத்துக்கிருஷ்ணனின் முகம் கறுத்தது. "வெளையாட்டுக்குப் பண்ணுனது. அதுக்கு இம்புட்டுப் பேர் முன்னாடி அசிங்கப்படுத்துவியா?"

"நானும் வெளையாட்டுக்குத்தான் பண்ணுனேன்."

"அப்ப நாளைக்கு மடிக்கு வேற ஆளப் பாத்துக்க."

"ஐயா, அப்படிச் சொல்லாதப்பு!" என்று அம்மா பதறினாள்.

"மடி அவனோடதுதாம்மா, நான் பறிக்கல" என்று சத்யபிரியா அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஆனா நாளைக்கு யாராச்சும் அந்தக் கதையக் கேட்டா, நடந்ததை நடந்தபடி சொல்லணும். ஏமாத்துனேன்னு ஒன் வாயால சொல்லணும். எனக்குப் பண்ணுனதையும், இவளுக்குப் பண்ணுனதையும். முடியாதுன்னா இப்பவே கெளம்பு. ஒன் மாப்ள அம்புட்டையும் வீடியோ எடுத்துருக்காரு. குரூப்புல போட்டுட்டு, எம்மடியில வச்சுக் குத்திக்கிறேன்."

கதவோரம் நின்ற கதிரேசன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பையைத் தட்டிக்கொண்டான். முத்துக்கிருஷ்ணன் கிளம்பவில்லை. சாப்பிடவும் இல்லை.

மறுநாள் மொட்டை முடிந்து, இசைவாணி சந்தனத் தலையோடு மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி கம்பியை இறக்கியதும் ஊரே கேட்கிற மாதிரி அலறினாள். முத்துக்கிருஷ்ணன் தன் துண்டால் அவள் கண்ணைத் துடைத்தான். வாழைப்பழத்தை உரித்து ஊட்டினான். அதையெல்லாம் சத்யபிரியா பார்த்தாள். பார்த்தும் இளகவில்லை.

புளியமரத்தடியில் கறி விருந்து. பந்தியின் கோடியில் பெரியப்பா பெரியகருப்பன், எலும்பை உறிஞ்சிப் போட்டுவிட்டு, எதிர்பார்த்தபடியே தொடங்கினார். காது மந்தமானவர், அதனால் சத்தமாகத்தான் பேசுவார்.

"ஏப்பா முத்து, அந்த ஒயர் கதையச் சொல்லு! கேட்டு நாளாச்சு!"

நாற்பது இலையும் நிமிர்ந்தது. முத்துக்கிருஷ்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் ரச வாளியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் கதிரேசன் சட்டைப்பையைத் தடவினான்.

"அது கதை இல்ல பெரியப்பா" என்றான் அவன். "எனக்குத் தங்கச்சிகிட்டத் தோக்கப் புடிக்காது. அதனால அது ஒயரப் புடுங்கிவிட்டேன். ஜெயிச்சோம்னு அது நோட்டுல கோடு போட்டு வச்சுருந்துச்சு, நான் பாத்துட்டுச் சிரிச்சேன். இப்ப இந்தப் பிள்ளைக்கும் அதையே பண்ணுனேன். ஏமாத்துனதுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் ஊரைச் சிரிக்க வைத்த கதை, நடந்தபடி சொன்னால் அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. சித்தி இலையைப் பார்த்தாள். மாமியார் தண்ணீர் குடித்தார்.

புது விளையாட்டாக இருந்தால் இந்த இடத்தில் பனி பெய்யும், வயலின் வாசிப்பார்கள், அவளுக்கு அழுகை வரும். சத்யபிரியா வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. நெஞ்சு நிறைய சந்தோஷமாக இருந்தது. இசைவாணி சிவந்த காதோடு மாமனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். "என்னப்பா சொல்ற? ஒண்ணும் வெளங்கல!"

முத்துக்கிருஷ்ணன் கெஞ்சுவதுபோலத் தங்கையைப் பார்த்தான். அவள் அவன் இலையில் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"பெரியப்பாவுக்குக் கேக்கலையாம்ண்ணே" என்றாள். "மொதல்ல இருந்து சொல்லு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி முதலிலிருந்து ஆரம்பித்தான்.